தடிப்பும் மெலிவும்: பொடோனி வகை எழுத்தமைப்பும் தமிழ் அச்செழுத்தும் (மும்பை சயான் பகுதியை முன்வைத்து)

முன்னுரை

தமிழ் எழுத்து வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு எழுத்திலிருந்து சுவடி எழுத்து வரை வந்து நின்றுவிடுகின்றன. அச்செழுத்தைப் பற்றிப் பேசும் நூல்களும் எந்த ஆண்டில் எந்த நூல் அச்சேறியது என்பதைக் கூறும் அளவுக்கு, அந்நூலின் எழுத்து எவ்வாறு வரையப்பட்டது என்பதைக் கூறுவதில்லை. எழுத்தின் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகின்றது என்பது அச்சகத்தாரின் கவலை என்று தமிழாய்வுலகம் ஒதுக்கி வைத்துள்ளது. எனினும், குறில் நெடிலாகவும் ஓரெழுத்து மற்றோரெழுத்தாகவும் பிறழ்ந்து வாசிக்கப்படும் இடங்களில் இச்சிக்கல் பாடவேறுபாட்டுச் சிக்கலாகவே மாறிவிடுகின்றது. அந்நோக்கில், மேலைநாட்டு அச்சுக்கலையில் புகழ்பெற்ற பொடோனி வகை எழுத்தமைப்பின் இயல்புகளையும், அவ்வியல்புகள் தமிழ் எழுத்துக்கு ஏற்றப்படும்போது நேரும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இதற்கு மும்பையின் சயான் பகுதி களமாகக் கொள்ளப்படுகின்றது. மும்பைத் தமிழ்ச் சங்கமும் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரியும் அமைந்துள்ள இப்பகுதியின் ஒருபுறம் மாதுங்கா. மறுபுறம், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குடியேறியோர் வாழும் தாராவி. இங்கே தமிழ் தனித்து நிற்பதில்லை. கோயில் விழா அறிவிப்பானாலும் மன்றக் கூட்டத்தின் பதாகையானாலும் தேவநாகரி, ரோமன், தமிழ் ஆகிய மூன்று எழுத்துகளும் ஒரே பரப்பில் அருகருகே அமைகின்றன. சென்னையிலோ மதுரையிலோ உள்ள வாசகர் ஒரு சொல்லின் உருவத்தைப் பழக்கத்தாலேயே ஊகித்துவிடுவார். சயானில் மராத்தியையும் இந்தியையும் ஆங்கிலத்தையும் படித்துவிட்டு வீட்டில் தமிழ் கற்கும் சிறுவனுக்கு அந்த ஊகம் கைகொடுப்பதில்லை. அவன் எழுத்தெழுத்தாகத்தான் படிக்க வேண்டியுள்ளது. ஆகவே எழுத்துருவின் குறை இங்கே விரைவில் வெளிப்படுகின்றது.

பொடோனி எழுத்தின் பிறப்பும் பயனும்

ஜாம்பத்திஸ்தா பொடோனி (1740–1813) இத்தாலியின் பார்மா நகர அரசவை அச்சகத்தின் பொறுப்பை 1768இல் ஏற்றவர். அதற்கு முன் உரோமையில் பிரபகந்தா சபையின் அச்சகத்தில் பணியாற்றியவர். கீழைநாட்டு மொழிகள் பலவற்றின் வார்ப்பெழுத்துகளை வைத்திருந்த அச்சகம் அது. மலையாள எழுத்துகளை விளக்கும் நூலொன்றை 1772இல் அதே அச்சகம் வெளியிட்டது என்பது நம் நாட்டார்க்கு நினைவில் கொள்ளத்தக்க செய்தி. ஆனால் அப்போது பொடோனி அங்கில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிசில் திதோ குடும்பத்தினரும் இதே திசையில் சென்றனர். 1784 அளவில் ஃபிர்மான் திதோ வெட்டிய எழுத்துகள் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகின்றன. இவ்விருவர் எழுத்துக்கும் பொதுவான இயல்புகள் தெளிவானவை. செங்குத்துக் கோடுகள் தடித்தவை. கிடைக்கோடுகள் மயிரிழை போன்றவை. கோட்டின் முனையில் இடப்படும் செரிஃப் எனும் சிறு குறுக்குக்கோடும் வளைந்து இணையாமல், மெல்லிய தகடு போல நேராக நிற்கும். சில எழுத்துகளின் நுனி உருண்டைத் துளியாக முடியும்.

இவ்வமைப்பு தற்செயலாகத் தோன்றியதன்று. செப்புத்தகட்டில் கூர்முனையால் செதுக்கும் கலை அக்காலத்தில் எழுத்தின் அழகுக்கு அளவுகோலாக இருந்தது. இங்கிலாந்தில் பாஸ்கர்வில் 1757இல் வெளியிட்ட வெர்ஜில் பதிப்பில் வரிக்கோடு தெரியாத வழவழப்பான தாள் பயன்பட்டது. தாள் வழவழப்பானதும் மயிரிழைக் கோட்டை முறியாமல் அச்சிட இயன்றது. பொடோனியின் எழுத்து மாதிரி நூல் அவர் மறைந்த பின் 1818இல் அவருடைய மனைவியால் இரண்டு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. பரந்த விளிம்பும் பெரிய எழுத்தும் அந்நூலின் சிறப்பு. அவ்வெழுத்து படிப்பதற்கு மட்டுமன்றிப் பார்ப்பதற்கும் உரியது. பின்னாளில் வில்லியம் மோரிஸ் இவ்வகை எழுத்தைக் கடுமையாகச் சாடியதும் இதனால்தான். மோரிசின் சினம் மிகையானது. ஆனால் அவர் சுட்டிய திசை தவறன்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெழுத்து தன் இடத்தைக் கண்டுகொண்டது. ஆடை அலங்கார இதழ்களின் தலைப்பு, நறுமணப் பொருள்களின் பெயர், நகைக்கடை விளம்பரம், மண அழைப்பிதழ் எனச் செல்வமும் நேர்த்தியும் உணர்த்தப்பட வேண்டிய இடங்களில் எல்லாம் இது இடம்பெறுகின்றது. மும்பை போன்ற விளம்பரத் தலைநகரில் இதன் செல்வாக்கு மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் தடிப்பு வந்த வழி

ரோமன் எழுத்தின் தடிப்பு–மெலிவு வேறுபாட்டுக்கு மூலம் இறகுப் பேனா. அகன்ற முனை ஒரு திசையில் செல்லும்போது தடித்த கோடும், மறு திசையில் செல்லும்போது மெல்லிய கோடும் தானே விழும். தேவநாகரிக்கும் அவ்வாறே சாய்வாக வெட்டிய நாணற்பேனா உண்டு. மும்பையில் ஜாவ்ஜி தாதாஜி 1869இல் நிறுவிய நிர்ணய சாகர் அச்சகத்தின் தேவநாகரி எழுத்துகள் இன்றளவும் போற்றப்படுவதற்கு, அப்பேனாவின் நடையை வார்ப்புலோகத்தில் அவை காப்பாற்றியமையே காரணம் எனலாம்.

தமிழின் நிலை வேறு. எழுத்தாணி ஓலையைக் கீறுகின்றது. திசை மாறினாலும் கோட்டின் அகலம் மாறுவதில்லை. தமிழ் எழுத்தின் அழகு அதன் வளைவிலும் சுழியிலும் இருந்ததேயன்றித் தடிப்பில் இருந்ததில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்துக்கும், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகளுக்கும், பின்னர் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் உருவாக்கி 1862இல் வின்சுலோ அகராதிக்குப் பயன்பட்ட எழுத்துகளுக்கும் பின்னணியில் இருந்தவர்கள் ஐரோப்பிய அச்சுமரபில் ஊறியவர்கள். ஆகவே தமிழ் அச்செழுத்தில் காணப்படும் தடிப்பு–மெலிவு, எழுதுகருவி தந்த கொடையன்று, வார்ப்புக்கூடம் தந்தது. எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பதற்குக் கைப்பழக்கம் வகுத்த விதி தமிழில் இல்லை என்பது இதன் பொருள்.

இவ்விடத்தில் பெயரிடுதல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நோட்டோ எழுத்துருத் தொகுதியில் தமிழுக்கும் ‘செரிஃப்’ என்று பெயரிட்ட உருவம் ஒன்றுண்டு. தமிழெழுத்தில் செரிஃப் இல்லை. தடிப்பு–மெலிவுடைய எழுத்துக்குச் ‘செரிஃப்’ என்றும், ஒரே அகலக் கோட்டெழுத்துக்குச் ‘செரிஃப் இல்லாதது’ என்றும் பெயர் சூட்டுவது, ரோமன் எழுத்தின் வகைப்பாட்டைத் தமிழின் மேல் அணிவிப்பதாகும். பெயர் வந்துவிட்டால், அப்பெயருக்கேற்ற உறுப்புகளைத் தேடி ஒட்டும் எண்ணமும் பின்னாலேயே வந்துவிடும்.

கோடுகள் சுமக்கும் பொருள்

பொடோனி நெறியை அப்படியே தமிழில் கையாண்டால் என்னாகும்? செங்குத்துக் கோடு தடித்து, கிடைக்கோடு மயிரிழையாகின்றது. இப்போது பகர மெய்யின் உயிர்மெய்யாகிய ‘ப’வையும் ‘கால்’ எனப்படும் நெடிற்குறியையும் நோக்குக. இரண்டிலும் இரண்டு செங்குத்துக் கோடுகளே உள்ளன. ‘ப’வில் அவை அடியில் இணைகின்றன, காலில் தலையில் இணைகின்றன. அந்த இணைப்புக் கோடு ஒன்றே வேறுபாடு. அது மெலிந்து மறையுமானால் ‘பா’ என்பது வரிசையாக நட்ட நான்கு கம்பங்களாகிவிடும். ‘பாப்பா’ என்ற சொல் வேலியாகவே தோன்றும்.

மாறாக, செங்குத்தை மெலிவித்துக் கிடைக்கோட்டைத் தடிப்பாக்கலாமே எனில், அங்கும் இடர் உண்டு. ‘ட’வையும் ‘ப’வையும் வேறுபடுத்துவது வலப்புறச் செங்குத்துக் கோடு. அது மெலியுமிடத்து ‘படம்’ என்ற சொல்லின் முதலிரண்டு எழுத்துகளும் ஒன்றாகின்றன. ஆக, எத்திசையில் மிகையாக மெலிவித்தாலும் தமிழில் ஏதோ ஓர் எழுத்து தன் அடையாளத்தை இழக்கின்றது. ரோமனில் இவ்விடர் அறவே இல்லையென்று கூற இயலாது. சிறிய ‘ஈ’ எழுத்தைச் ‘சி’ எழுத்திலிருந்து பிரிப்பதும் மெல்லிய குறுக்குக்கோடு ஒன்றே. ஆயினும் அங்கே அது விலக்கு; இங்கே அதுவே பொதுநிலை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பின் ணா, றா, னா ஆகியனவும் தனிக்காலைப் பெற்றுவிட்டமையால், கால் வரும் இடங்கள் முன்னைவிட மிகுந்துள்ளன என்பதும் கருதத்தக்கது.

இதனினும் நுண்ணிய இடம் குறில் நெடில் வேறுபாடு. எகரத்தை ஏகாரமாக்குவது அடியில் இழுக்கப்படும் ஒரு சாய்கோடு. ஒகரத்தை ஓகாரமாக்குவது கீழ்நுனிச் சுழி. ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாக்குவதும், இகரக்குறியை ஈகாரக்குறியாக்குவதும் கோட்டின் நுனியில் விழும் சிறு சுழிப்பே. வரைபவருக்கு இவையெல்லாம் முடிவு நுனிகள். மெலிந்து ஓய வேண்டிய இடங்கள். மொழிக்கோ, சொல்லை வேறு சொல்லாக்கும் உறுப்புகள். எடு–ஏடு, கொடு–கோடு, பெறு–பேறு என வரும் இணைகளில் பொருள் முழுவதும் அந்த நுனியில் தொங்குகின்றது. சுழிகளைப் பொடோனியின் உருண்டைத் துளிபோல் நிரப்பிவிடும் போக்கும் உண்டு. அவ்வாறு செய்தால் மூன்றுசுழி ணகரத்தையும் இரண்டுசுழி னகரத்தையும் எண்ணிப் பார்த்துப் பிரிப்பது அரிதாகும்.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இவ்விடர் புதிதன்று. மெய்யும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய நூன்மரபு விதித்திருந்தும், ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே ஏட்டில் காணும் ஒரு கொம்பும் ககரமும் காலும் ‘கொ’ எனவும் ‘கோ’ எனவும் ‘கெர’ எனவும் ‘கேர்’ எனவும் படிக்க இடந்தந்தன. யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டே பதிப்பாசிரியர்கள் அவற்றுள் ஒன்றைத் துணிந்தனர். ஏகார ஓகாரங்களுக்குத் தனிவடிவம் அமைத்ததை வீரமாமுனிவர்க்கு உரியதாக்குவது மரபு. அச்சு அதனை நிலைப்படுத்தியது. மயிரிழை மெலிவுடைய எழுத்துருவோ அந்த ஈட்டைத் தாளில் வைத்துக்கொண்டே கண்ணிலிருந்து மறைக்கின்றது. அச்சுக் காலத்தில் சுவடிக் காலத்துச் சிக்கலை மீளக் கொணர்வது என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

மின்வருடலில் இதன் விளைவு கண்கூடு. நூற்பக்கத்தைக் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறமாகப் பதியும்போது, குறித்த அளவுக்கும் மெல்லிய கோடு வெள்ளையாகிவிடுகின்றது. மூலநூலில் மங்கலாகவேனும் இருந்த சுழி, படிமத்தில் இல்லாமலே போகின்றது. அப்படிமத்தை எழுத்துணரியிடம் கொடுத்தால் ‘பேறு’, ‘பெறு’ எனத் திரும்பி வரும். ரகரம் தன் சாய்காலை இழந்து நெடிற்குறியாகப் பதிவாகும். ர், ரி, ரீ ஆகியவற்றில் ரகரம் சாய்காலின்றிக் கால்வடிவிலேயே வருவது அச்சில் முன்னரே வழக்கமாதலால், பிழையைப் பிழையென்று காண்பதும் எளிதன்று. சொல்லடைவும் தொடரடைவும் இத்தகைய மின்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்படும் இக்காலத்தில், எழுத்துருவை அச்சகத்தார் பொறுப்பு என்று விட்டுவிடுதல் தகுமா?

பெயர்ப்பலகையும் பதாகையும்

மகாராட்டிரத்தில் 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, கடைப் பெயர்ப்பலகைகளில் மராத்தி தேவநாகரியில் இடம்பெற வேண்டும். அதன் எழுத்து பிறமொழி எழுத்தைவிடச் சிறிதாக இருத்தல் ஆகாது. உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மும்பை வணிகர்களுக்கு இதற்கென இரண்டு மாதக் கெடு அளித்தது. மாநில மொழிக்கு முதன்மை வேண்டும் என்பதில் தமிழர்க்கு மாறுபாடு இருக்க நியாயமில்லை. தமிழகத்தில் தமிழுக்கு வேண்டுவதும் அதுவே. ஆராயத்தக்கது சட்டத்தின் அளவுகோல். அது எழுத்தின் பருமனை அளக்கின்றது. எழுத்து படிக்கப்படுவதோ பருமனால் மட்டுமன்று.

பலகையின் மேற்பகுதி தேவநாகரிக்கும் ரோமனுக்கும் சென்றபின், தமிழ் இடம்பெறும் கடைகளில் அதற்கு எஞ்சுவது குறுகிய கீழ்வரி. தமிழ்ச்சொல்லோ அகலமானது. ‘கொ’ போன்ற ஓரெழுத்தே மூன்று உறுப்புகளாக விரியும். இடம் போதாதபோது ஃபிளெக்ஸ் வடிவமைப்போர் கணினியில் சொல்லைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகின்றனர். அமுக்கப்பட்ட எழுத்தில் செங்குத்துக் கோடுகள் மெலிகின்றன. கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கின்றன. யாரும் வரையாத, யாரும் எண்ணாத ஒரு தடிப்பு–மெலிவு இவ்வாறு பிறக்கின்றது. மேல்வரியில் பொடோனி வகை ரோமன் நின்றால் நகைமுரண் இன்னும் கூர்மையாகும்: அங்கே செங்குத்து தடிப்பு, இங்கே செங்குத்து மெலிவு. இரவில் பின்விளக்கு எரியும்போது ஒளி பரவி, மெல்லிய கோட்டை முதலில் விழுங்குகின்றது. முன்னே கூறிய ‘ட’–‘ப’ மயக்கம் இந்நிலையில் ஏட்டறிவாக இல்லாமல், பேருந்திலிருந்து பார்ப்பவரின் அனுபவமாகின்றது.

லதா: மும்பை தந்த தமிழெழுத்து

இச்சிக்கலுக்கு ஒரு விடை மும்பையிலேயே உருவானது என்பது தமிழாய்வாளர் பலர் கவனியாத செய்தி. எழுத்தோவியரும் பேராசிரியருமான ர. கி. ஜோஷி (1936–2008) பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்தமைப்பைக் கற்பித்தவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காக இந்திய மொழிகளின் எழுத்துருக்களை வடிவமைத்த பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. தேவநாகரிக்கு ‘மங்கள்’, தமிழுக்கு ‘லதா’ என அவை விண்டோஸ் 2000 இயக்குதளத்துடன் வெளிவந்தன. ஒருங்குறித் தமிழை முதன்முதலில் கணினித் திரையில் கண்ட பலரும் கண்டது மராத்தியர் ஒருவரின் மேற்பார்வையில் உருவான வடிவத்தைத்தான்.

லதாவின் கோடு ஏறத்தாழ ஒரே அகலத்தில் செல்வது. அதில் ‘ப’வின் அடிக்கோடும் காலின் தலைக்கோடும் மெலிவதில்லை. அக்காலத் திரைகளின் குறைந்த நுணுக்கம் இவ்வமைப்பை வேண்டிற்று என்பது ஒரு காரணம். எழுத்தாணி மரபுக்கு அது நெருங்கி வந்தது என்பது அதன் பயன். ஆனால் குறையும் உண்டு. தாளில் நீண்ட உரைநடையை லதாவில் அச்சிட்டால் பக்கம் ஒரே நிறமாய்த் தட்டையாகின்றது. கண் இளைப்பாற இடமில்லை. திரைக்கு உருவானதை நூலுக்கு எடுத்தாண்ட பதிப்பாளர்களின் பிழை அது; வடிவமைத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. மும்பையில் இயங்கும் எக் டைப் குழுவினரின் முக்தா மலர், 2022இல் வெளிவந்த அனேக் ஆகியனவும் பல எழுத்துமுறைகளை ஒருங்கே கருதி, கோட்டைச் சீராகவே வைத்துள்ளன. மூன்று எழுத்துகள் அருகருகே வாழும் நகரில் இப்போக்கு தோன்றியது இயல்பே.

அழைப்பிதழும் அளவும்

அவ்வாறாயின் தமிழில் மிகுதடிப்பு எழுத்துக்கு இடமே இல்லையா எனின், உண்டு. மண அழைப்பிதழின் தலைப்பு, மலரின் முகப்பு, இசை விழாப் பதாகை ஆகியவற்றில் எழுத்து பெரிது, சொற்கள் சில, வாசகர் நின்று நோக்குகின்றார். அங்கே மெல்லிய கோடும் கண்ணுக்குப் புலப்படும் அகலம் பெறுகின்றது. சண்முகானந்தா அரங்கின் நிகழ்ச்சியொன்றுக்கு ரோமனில் பொடோனியும் தமிழில் லதாவும் அமைந்தால் தமிழ் ஏழையாகத் தோன்றும் என்று வடிவமைப்போர் கூறுவது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. அழகுணர்ச்சியும் மொழிமதிப்பின் ஒரு கூறே.

சிக்கல் அளவில்தான் உள்ளது. உலோக எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு பருமனும் தனித்தனியே வெட்டப்பட்டது. சிறிய எழுத்தில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக்குவது வெட்டுவோரின் அன்றாட அறிவு. கணினி ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லாப் பருமனுக்கும் தருகின்றது. ரோமன் பொடோனிக்கு இக்குறை உணரப்பட்டு, 1994இல் ஐடிசி நிறுவனம் 6, 12, 72 புள்ளி என மூன்று பருமனுக்கு மூன்று தனி வரைவுகளை வெளியிட்டது. 2016இல் வந்த மாறியல் எழுத்துரு நுட்பம் இவற்றை ஒரே கோப்பில் அடக்கவும், பருமனுக்கேற்பத் தடிப்பை மாற்றவும் வழி செய்துள்ளது. தமிழெழுத்துருக்களில் இம்முயற்சி அரிது. ஆகவே 48 புள்ளியில் ‘திருமண அழைப்பிதழ்’ என்று எழிலுற நின்ற அதே வரைவு, 8 புள்ளியில் முகூர்த்த நேரத்தையும் மணமக்களின் பெற்றோர் பெயர்களையும் மண்டபத்தின் முகவரியையும் தாங்க வேண்டியதாகின்றது. தலைப்பில் தெளிவாக இருந்த சுழிகளும் சாய்கோடுகளும் அவ்வரிகளில் தாளோடு தாளாகக் கரைந்துவிடுகின்றன. மண்டபம் சயான் கிழக்கிலா மேற்கிலா என்பதை உறவினர் தொலைபேசியில் கேட்டே அறிகின்றனர்.